எந்த வெள்ளி?

இந்த எடத்துல ஒரு குட்டிக் கதை… மைக்கைப் பிடுங்கிடாதீங்க, சின்னதுதான்.

கோமதின்னு ஒரு பொண்ணு. திருநெல்வேலிப் பக்கம், நாலாங் கிளாஸ். "நாளைக்கு பிரேயர்ல வெள்ளியைப் பத்திப் பேசணும்"னு டீச்சர் சொல்லிட்டாங்க. போன தடவை பேச்சு வராம முழிச்சு நின்னா, பள்ளிக்கூடமே சிரிச்சுது. இந்தத் தடவையும் அப்படி நின்னா… அவ்வளவுதான், அந்தப் பிள்ளை இனிமே மேடைப் பக்கமே போகாது.

அவங்க அப்பா மாடசாமி, பஸ் கண்டக்டர். கையைப் பிடிச்சு நூலகத்துக்கு இழுத்துட்டு வந்தாரு. நூலகர் தமயந்தியம்மா நிமிர்ந்து பாத்தாங்க.

"மேடம், பாப்பாவுக்கு வெள்ளியைப் பத்தி புக்கு வேணும்."

அந்தம்மா வேகமான ஆளு. டக்குன்னு ஒரு புத்தகம் வந்துடுச்சு. என்ன புத்தகம்? வெள்ளிக்கிழமை விரதம்!

"இது இல்ல மேடம், பள்ளிக்கூடத்துக்கு."

"ஓ… அப்படியா?" இன்னொரு புத்தகம். உலோகங்கள்! கொலுசு, குத்துவிளக்குன்னு படமெல்லாம் போட்டு…

கோமதி சட்டையை இழுக்கறா. "அப்பா…"

"சும்மா இருட்டி, பெரியவங்க பேசுதோம்லா!"

பேசறாங்களாம்! புத்தகம் யாருக்கு? கோமதிக்கு. பேசறது யாரு? கண்டக்டரும் நூலகரும்!

பிள்ளை அழுதுட்டா. "நான் கேக்குத வெள்ளி நம்ம மொட்டை மாடியில நின்னா தெரியும்ப்பா!"

தமயந்தியம்மா மேசையைச் சுத்தி வந்து, அவ பக்கத்துல தரையிலேயே உக்காந்துட்டாங்க.

"கண்ணு… உனக்கு என்ன தெரியணும்?"

"மத்ததெல்லாம் மினுக்குது… வெள்ளி மட்டும் ஏன் மினுக்கல?"

"அட, எனக்கும் தெரியாதே! வா, தேடுவோம்."

வானத்தைப் பத்தின புத்தகங்கள் இருக்கற அலமாரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பொருளடக்கத்துல விரலை வச்சுத் தேடினது கோமதிதான். கிடைச்சதும் கத்தினா பாருங்க… "அப்பா, வெள்ளி நட்சத்திரமே இல்லப்பா, கோளு! கோளு மினுக்காதாம்!" நூலகத்துல கத்தக்கூடாது. அன்னைக்கு யாரும் அதட்டல.

மறுநாள் பிரேயர்ல அவ எதையும் ஒப்பிக்கல. எடுத்த எடுப்பிலேயே கேட்டா: "வெள்ளி ஏன் மினுக்கல, யாருக்காவது தெரியுமா?" ஒருத்தரும் சிரிக்கல.

ஐயா… அம்மா… பிள்ளையை நூலகம் வரைக்கும் கூட்டிட்டுப் போறோம், சந்தோஷம். போன எடத்துல அதுக்குப் பதிலா நாமளே பேசிடறோமே, அது நியாயமா? தலைப்பு டீச்சர் குடுத்தது. கேள்வி பிள்ளையோடது. தலைப்பை மட்டும் வச்சுத் தேடினா கொலுசுதான் கிடைக்கும்… கேள்வியை வச்சுத் தேடினாத்தான் வானத்து வெள்ளி கிடைக்கும்.

அதனால, அலமாரியைத் திறக்கறதுக்கு முன்னாடி… முதல்ல பிள்ளையை வாயைத் திறக்க விடுங்க.