வலப்பக்கம் இருந்த மூக்குக்கண்ணாடி

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு எங்கள் வீட்டில் அடுப்பை அணைத்துவிடுவேன். அப்போதுதான் டிவியில் ‘எட்டாவது கதவு’ ஓடும். தேவகி என்கிற துப்பறியும் பெண் வாரம் ஒரு கொலையைக் கண்டுபிடிப்பாள். கொலையை அவள் பார்த்துக்கொள்ளட்டும். நான் பார்ப்பது வேறு. முதல் ஷாட்டில் பாதி குடித்த காபி அடுத்த ஷாட்டில் நிறைந்திருக்கிறதா, வாசலில் செருப்போடு வந்தவர் கூடத்தில் ஷூவோடு நிற்கிறாரா என்று பார்ப்பேன். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணியில் குறை பார்ப்பது என் வேலை. பதினாறு வருடப் பழக்கம் ஞாயிற்றுக்கிழமையும் விடாது.

இதற்கென்றே ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். நானூறு பேர். தப்பை முதலில் போடுகிறவருக்கு அந்த வாரம் மரியாதை. பெரும்பாலும் அது நான்தான். என்னோடு மல்லுக்கு நிற்பவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் தையல்கடை வைத்திருக்கும் மெகராஜ் பேகம். ஜாக்கெட் கை அரை அங்குலம் நீண்டால் கண்டுபிடித்துவிடுவாள். மற்ற தப்புகளுக்கெல்லாம் வக்காலத்து வாங்குவாள். கடிகாரம் பின்னால் போயிருந்தால், “பேட்டரி தீந்திருக்கும்க்கா” என்பாள். அரை நாள் சண்டை போடுவோம். சந்தோஷமாக இருந்தோம்.

பிறகு பதினொரு வாரம் ஒரு தப்புகூட வரவில்லை. குழுவில் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். இருந்தவர்கள் காலை வணக்கம் படம் போட ஆரம்பித்தார்கள். ஒருவர் முருங்கைக்கீரையின் பயன்களை அனுப்பினார். எம்புட்டு நாள்தான் ஒருத்தி பொறுத்துக்கொண்டிருக்க முடியும்?

காரணம் யாரென்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பழைய வீட்டுக்கு சீரியல்காரர்கள் படப்பிடிப்புக்கு வந்தபோது தெரிந்தது. இழவு வீட்டுக் காட்சியில் உட்கார ஆள் கேட்டார்கள். லீவு போட்டுவிட்டுப் போனேன். அங்கே சிவரஞ்சனி இருந்தாள். மம்சாபுரத்துப் பெண், இருபத்து நாலு வயது. எந்தப் பொருள் எங்கே இருந்தது என்று கவனிப்பது அவள் வேலை. ஒவ்வொரு ஷாட்டையும் போனில் படம் எடுத்து நோட்டிலும் குறித்துக்கொள்வாள்.

“இந்தக் கையத்தான் கன்னத்துல வச்சிருந்தீய. மாத்திராதீய, என்னக்கா” என்றாள். செத்த நேரம் கழித்து, நான் வெயிலில் இருப்பதைப் பார்த்து மோர் கொண்டுவந்து கொடுத்தாள். தங்கமான பெண். அதைச் சொல்லிவிட வேண்டும்.

பிணத்தின் தலைமாட்டில், வலப்பக்கம் ஒரு மூக்குக்கண்ணாடி இருந்தது. தூரத்து ஷாட் முடிந்து, பக்கத்து ஷாட்டுக்குத் தயாரானார்கள். சிவரஞ்சனி குனிந்து எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு “ஓகே சார்” என்று ஒதுங்கினாள். கேமரா ஓடுவதற்குள் நான் முந்தானையைச் சரிசெய்தேன். சரிசெய்து முடித்தபோது கண்ணாடி இடப்பக்கம் இருந்தது. பிணமாக நடித்தவர் கண்ணை மூடியிருந்தார்.

அது ஒளிபரப்பான ஞாயிறு, ஷாட் மாறிய நாலாவது நொடியில் குழுவில் போட்டேன். உடனே பேகம் குரல் பதிவு அனுப்பினாள். “இது தப்பே இல்லக்கா. கொலைகாரி இழவு வீட்டுலயே உக்காந்திருக்கா. அவதான் கண்ணாடிய நகத்தியிருக்கா.”

பாதி சரியாகத்தான் சொன்னாள். “நீ தச்சுக்கிட்டே பாத்தியாட்டி?” என்று பதில் போட்டேன்.

மூன்று நாள் விவாதம். போனவர்களெல்லாம் திரும்பி வந்தார்கள். குழு அறுநூறைத் தாண்டியது. பேகம் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அவள் வாயை அடைக்க, சேனலின் பேஸ்புக் பக்கத்தில் இரண்டு படங்களையும் சேர்த்துப் போட்டு, ‘இதைக் கவனிக்க அங்கே ஆள் இல்லையா?’ என்று கேட்டேன். கேள்விதான் கேட்டேன். ஐயாயிரம் பேர் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் சிவரஞ்சனி வீடு தேடி வந்தாள். கண் வீங்கியிருந்தது.

“வேலைய விட்டு நிறுத்திட்டாவக்கா. நான் பாத்துட்டுத்தான் ஓகே சொன்னேன். நீங்க பக்கத்துலதான இருந்தீய? வலப்பக்கம் இருந்துச்சுன்னு டைரக்டர்ட்ட ஒரு வார்த்த சொல்லுங்கக்கா.”

சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்தவர் வேலையில் தலையிடும் பழக்கம் எனக்குக் கிடையாது. “நான் கவனிக்கலையேம்மா” என்றேன்.

வெறுங்கையோடு அனுப்பவில்லை. சாப்பாடு போட்டேன். எங்கள் சூப்பர்வைசர் மாரீஸ்வரனிடம் பேசி, எனக்கு அடுத்த மேசையிலேயே அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு குடும்பத்துக்கு விளக்கேற்றி வைத்த நிறைவு எனக்கு.

கண்ணாடியை மாற்றியது நான்தான். ஒளிக்க வேண்டியது ஒன்றும் இல்லை. இரண்டு விரல் வேலை. அதனால் அறுநூறு பேர் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. நேற்று, நான் பார்த்து அனுப்பிய துணியில் மூன்று இடத்தில் நூல் விட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடித்துவிட்டாள். மாரீஸ்வரன் அதை எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டி அவளைப் பாராட்டினார். நானும் கை தட்டினேன்.

கெட்டிக்காரப் பெண்தான். ஆனால் பாவம், இந்த வேலையும் அவளுக்கு நிலைக்காது என்று தோன்றுகிறது.