குட்டிக் காரின் மானம்

எனக்கு வேகம் பிடிக்காது, ஐயா. இதை முதலில் எழுதிக்கொண்டால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

பகலெல்லாம் கண்ணாடிக் கடையில் அடுத்தவர் பார்வையைச் சோதிக்கிறவன் நான். இருப்பது அக்கா வீட்டு மாடியறையில். மேஜையில் திருகி மாட்டிய ஸ்டீரிங், காலடியில் பெடல்கள், எதிரே திரை. கார்ப் பந்தய விளையாட்டில் எத்தனையோ கார்கள் இருக்கின்றன. மற்றவர்கள் எடுப்பதெல்லாம் யாரோ மேலே உட்கார்ந்து நசுக்கியது போன்ற தட்டைக் கார்கள். நான் எடுப்பது என்னைவிட வயதில் மூத்த ஒரு குட்டிக் கார். இரண்டே கதவு, உருண்டை விளக்கு, வெண்ணெய் நிறம். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். வளைவில் சாய்ந்து, விழுந்துவிடுமோ என்று நாம் நினைக்கும்போது நிமிர்ந்துகொள்ளும். பக்கத்து சீட்டில் ஒரு ஆளை ஏற்றினால்கூட அதன் நடையே மாறிவிடும். அவ்வளவு நுட்பமான பிறவி.

எனக்கு லைசென்ஸ் கிடையாது என்பதைச் சிலர் பெரிதாகப் பேசுகிறார்கள். பாட்டை ரசிக்கிறவன் எல்லாம் தொண்டையைக் காட்டி நிரூபிக்க வேண்டுமா என்ன?

ரசனை உள்ளவர்களாகச் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தோம். ஒரு பல் டாக்டர், ஒரு கணக்கு வாத்தியார், ஒரு பேக்கரிக்காரர், தலைவராக நான். எங்களுக்கு ஒரு விதி உண்டு. அந்த விளையாட்டில் பிரேக் சூடு என்று ஒரு வசதி இருக்கிறது. அதை அணைத்துவிட்டால் இறக்கம் முழுக்க பிரேக்கை மிதித்துக்கொண்டே வரலாம், ஒன்றும் ஆகாது. அணைக்காமல் விட்டால் நிஜத்தில் நடப்பதுதான் நடக்கும். பழைய டிரம் பிரேக் காய்ந்து, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி, கார் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே கியரைக் குறைத்து, எஞ்சினே காரைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்க வேண்டும். சூட்டை அணைக்கிறவனுக்குச் சங்கத்தில் இடமில்லை. வாத்தியாரின் சொந்த மைத்துனரையே நீக்கியிருக்கிறோம்.

இப்போது அத்தானுக்கு வருகிறேன். டைல்ஸ் ஷோரூம் முதலாளி. எதையும் அளவை வைத்து மதிப்பிடுகிற மனிதர். ஒரு மாலை மாடிக்கு வந்தார்.

“என்ன மாப்ள, பொம்மை கார் ஓட்டுறியா? கொஞ்சம் நகரு.”

இருப்பதிலேயே பெரிய எஞ்சின் உள்ள காரை எடுத்து, எங்கள் சங்கப் பந்தயத்துக்குள் புகுந்து, ஒவ்வொரு காராக இடித்து ஏரியில் தள்ளினார். கடைசியாக என்னுடையதை.

“உன் எறும்பு குளிக்கப் போயிருச்சு மாப்ள.”

காதில் மாட்டிய ஹெட்செட்டில் முதலில் டாக்டர் சிரித்தார். அப்புறம் எல்லாரும். “தலைவரே, அடுத்த வாட்டியும் அத்தானைக் கூட்டிட்டு வாங்க. உங்களோட விளையாடுறப்ப என்னமோ பரீட்சை எழுதுற மாதிரியே இருக்கு,” என்றார் டாக்டர்.

நான் கோபப்படவில்லை. கோபக்காரன் கத்துவான். நான் கத்தியதே இல்லை, அக்காவைக் கேளுங்கள்.

பிறகு அவர் நிஜமாகவே அந்தக் குட்டிக் காரை வாங்கினார். அதே கார். வாசலில் அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஒரு வாரத்தில் வெண்ணெய் நிறம் போய் ஆரஞ்சு வந்தது. கதவில் ஷோரூம் பெயரும், அதற்குக் கீழே ‘காலடியில் சொர்க்கம்’ என்ற வாசகமும் வந்தன. பாட்டுப் பாடும் ஹாரன் வந்தது. நான் கைப்பிடியை லேசாகத் தொட்டேன்.

“தொடாத மாப்ள. பாலிஷ் போட்டிருக்கு.”

ஆனால் அவருக்கு அதை ஓட்டத் தெரியவில்லை. தானாகக் கியர் மாறும் பெரிய காரிலேயே காலத்தை ஓட்டியவர். வேறு வழியில்லாமல் என்னிடம் வந்தார்.

“நீதான் இதுல புலியாச்சே. கொஞ்சம் சொல்லிக் குடேன்.”

சொல்லிக் கொடுத்தேன். மாலைதோறும் என் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, அதே காரை, மலையிறக்கத்தில். நல்ல மாணவர் என்றுதான் சொல்ல வேண்டும். பிரேக் சூட்டை அணைத்து வைத்திருந்தேன். தலைவர் சங்க விதியை மீறியது அந்த ஒரு விஷயத்தில்தான். “இறக்கத்துல கியரைத் தொடாதீங்க அத்தான். எஞ்சின் பழசு, தாங்காது. பிரேக்கை மட்டும் மிதிச்சிட்டே வாங்க,” என்றேன். அந்தக் காரை நான் கும்பிடாத குறை என்று அவருக்குத் தெரியும். அதனால் நம்பினார். திரையில் அவர் இறங்கிய ஒவ்வொரு முறையும் கார் பூப்போல நின்றது.

நிஜக் காரில் ஒரு திருகைக்கூட நான் தொடவில்லை. தொட வேண்டாம் என்று அவர்தானே சொல்லியிருந்தார்?

மலை மேலிருக்கும் அணைக்கட்டுக்குப் போய்வரச் சொன்னதும் நான்தான். அக்காவுக்கு விருப்பமில்லை. “நான் வரலடா, வளைவு ரோட்டுல எனக்குத் தலை சுத்தும்,” என்றாள்.

“அவரே ஆசையா கூப்பிடுறார், போயிட்டு வாக்கா,” என்றேன். கையைப் பிடித்து ஏற்றிவிட்டதும் நான்தான். தம்பியின் பாசம் என்று பக்கத்து வீட்டம்மா உங்களிடம் சொல்லியிருப்பார். அப்படி இல்லை, ஐயா. அத்தான் தனியாக இறங்கினால் கடைசி வளைவு வரை பிரேக் தாக்குப்பிடித்துவிடக்கூடும். இன்னொரு ஆளின் எடை சேர்ந்தால் பிடிக்காது. இது அந்தக் காரைப் பற்றி ஓரளவு தெரிந்த எவருக்கும் தெரியும்.

திரும்பி இறங்கும்போது கார் பள்ளத்தில் விழுந்தது. அத்தான் அங்கேயே போய்விட்டார். அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. நேற்று ஆஸ்பத்திரியில் என் விரலைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

“நீ சொல்லிக் குடுத்த மாதிரியேதான்டா ஓட்டினார். ஒரு வாட்டிகூட கியரைத் தொடல.”

எவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் இதை விபத்து என்று முடித்துவிட்டீர்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இன்று கடையில் யாருக்காவது எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருப்பேன். அக்கா அழுததைப் பார்த்து மனம் மாறி வந்தேன் என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். அன்று பள்ளத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு உங்கள் ஏட்டிடம் ஒன்று சொன்னீர்கள், நினைவிருக்கிறதா? “ஓட்டை வண்டிய்யா. இதையெல்லாம் நம்பி மலையேறலாமா?”

அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வண்டியில் ஒரு குறையும் இல்லை, ஐயா. செய்தது முழுக்க நான். தெரிந்து செய்தேன், இருவரும் உள்ளே இருப்பார்கள் என்று தெரிந்தே செய்தேன். எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். நீங்கள் சொன்ன அந்த வார்த்தையை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பாவம், அதற்காகப் பரிந்து பேச இந்தக் குடும்பத்தில் என்னை விட்டால் ஆளில்லை.