ஆறு வாரப் படிப்பு

— நிறுத்திப்போடாதீங்க மேடம்! ஜாக்கி எறங்குதுங்க, பம்பை அடிங்க!

— அடிச்சுட்டேதான் இருக்கேன் சென்னியப்பண்ணா. ஆயில் ஒழுகுது. கையை எடுத்தாப் பொசுக்குனு எறங்கிரும். கால் எப்படியிருக்குங்க?

— மரத்துப்போச்சுங்க. லாரி அச்சுக்கடியில வசமா மாட்டிக்கிச்சு. அக்கம்பக்கம் யாரையும் காணமுங்களா?

— சைரன் ஒத்திகைண்ணா. மொத்தக் காலேஜும் ஆடிட்டோரியத்துல அடைஞ்சு கெடக்குது. இன்னும் அரைமணி நேரம் ஒருத்தரும் வரமாட்டாங்க. என்ற போனும் ஆபீஸ் மேசையில கெடக்குது.

— போவுது உடுங்க. பட்டாளத்துல லாரி மெக்கானிக் வேலைன்னதும் ஊட்டுக்காரி அழுதா, குண்டு உழும்னு. இந்தப் பீளமேட்டுக் காலேஜுலயே லாரி உழுகும்னு அவளுக்கு எப்படித் தெரியும்!

— சிரிக்காதீங்கண்ணா, எனக்கு அழுகையா வருது. பிரேக் போட்டுட்டுத்தானே அடியில போனீங்க? வண்டி எப்படி உருண்டுச்சு?

— போட்டனுங்க. இருங்க, இங்கிருந்து தெரியுது. பிரேக் கம்பி கழண்டு தொங்குதுங்க. ஆணி உழுந்துபோச்சு.

— அதுக்குக் காட்டர் பின் மாட்டலையா? ஆணி நழுவாமப் புடிக்குமே, சின்னக் கம்பி?

— அப்புடி ஒண்ணு இருக்குதுங்களா? ஏனுங்க மேடம், அடிங்க! எறங்குது!

— அய்யோ, அடிக்கறேன். நான் சொல்லியே தரலைண்ணா. ஒரு வருசப் படிப்பை, சண்டை வந்ததும் ஆறே வாரத்துல முடின்னாங்க. இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு அந்தப் பாடத்தைத் தாண்டிட்டேன். இருவது பேருக்கும் பாஸ்னு கையெழுத்தும் போட்டேன். பாவி நான்.

— உங்களை மட்டும் என்ன சொல்றது? நானும் கேட்டிருக்கோணும். துடியலூர்ல பாஞ்சு வருசம் டெம்போ ஓட்டுனவனுக்கு இதுகூடத் தெரியாதான்னு சிரிப்பாங்கன்னு வாயை மூடிக்கிட்டேன்.

— நீங்க ஒருத்தர்தானே மாட்டாம உட்டீங்க?

— ஆருமே மாட்டலீங்க. எல்லா வண்டிக்கும் இதே வேலைதான்.

— அப்ப காலையில மலைக்குப் போச்சே, ஆறு வண்டி?

— எங்க பேட்ச்சு கழட்டி மாட்டுனதுதானுங்க. வண்டிக்கு இருவது சிப்பாயி ஏறுனாங்க.

— கெளம்பி ஒரு மணி நேரமாச்சு! மேட்டுப்பாளையம் தாண்டியிருக்கும்ணா. மலை வளைவுல நிறுத்துனா பின்னால உருண்டுருமே! நான் என்ன பண்ணுவேன், போன் பண்ணி நிறுத்தச் சொல்லக்கூட இந்தக் கையை எடுக்க முடியலையே!

— எனக்கு இன்னொரு காலு இருக்குதுங்க, அம்மணி. ஜாக்கியை உட்டுப்போட்டு ஓடுங்க.