அளவுக்கோட்டின் மேல் இருந்த சந்தனம்

என் பெயர் சத்யபிரியா, வயது 23, தகப்பனார் பெயர் நல்லமுத்து, எம்.ரெட்டியபட்டி கிழக்குத் தெரு, திருச்சுழி வட்டம். வேதியியல் படித்திருக்கிறேன். எங்களுக்குப் பருத்தி விவசாயம். நான் பிரேக் ஆயிலில் தண்ணீர் ஊற்றிக் காரைக் கெடுத்ததாக அருப்புக்கோட்டை பழைய கார் வியாபாரி மாரிக்கண்ணன் கொடுத்த புகாரின் பேரில் போலீஸ் விசாரித்ததில் நான் சொல்வது.

நேற்று காலை பத்து மணிக்கு நானும் அப்பாவும் மெக்கானிக் சோலைச்சாமியுடன் மாரிக்கண்ணனின் செட்டுக்குப் போனோம். நிறைமாதமான என் அக்காவை அழைத்து வர அந்தக் காரை வாங்குவதாக இருந்தோம். மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். பானெட்டைத் திறந்தபோது உள்ளே ஒவ்வொரு மூடியின் மேலும் சந்தனப் பொட்டு இருந்தது. பிரேக் ஆயில் டப்பாவில் மட்டும் பொட்டு மூடியில் இல்லை. பக்கவாட்டில், உள்ளே இருக்கும் ஆயில் தெரியாதபடி அளவுக்கோட்டை மறைத்துத் தடிமனாக அப்பியிருந்தது. அதன் பிறகு நான் ஷால் நுனியால் அதைத் துடைத்தேன். வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டிய ஆயில் வரக்காப்பி நிறத்தில் இருந்தது. ஆய்வகத்தில் கரைசல் நிறம் மாறும்போது அடிப்பதுபோல எனக்கு நெஞ்சு அடித்தது.

“அண்ணே, பூசை போட்ட வண்டியில சந்தனத்த அழிச்சிருச்சு உங்க மக. இது வெளங்குமா?” என்றார் மாரிக்கண்ணன். அப்பா என்னைச் சும்மா இருக்கச் சொன்னார். நிறத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்று சோலைச்சாமி, ஆயிலில் ஈரம் பார்க்கும் பேனாவை டப்பாவுக்குள் விட்டார். பிரேக் பிடிக்காமல் போகுமளவுக்கு ஆயிலில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே மாரிக்கண்ணன், பானெட்டைத் திறந்துவைத்துவிட்டுத் தாங்கள் மூவரும் சாவி எடுக்கப் போன நேரத்தில் நான் தண்ணீர் ஊற்றிவிட்டதாகச் சொன்னார். என் கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது உண்மை. மூடியை நான் தொடவில்லை.

பத்துப் பேர் கூடிவிட்டார்கள். எல்லோரும் என் பாட்டிலையே பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. “மேல ஊத்துனது அஞ்சு நிமிசத்துல பின்சக்கரத்துக்குப் போயிராது. அங்க எடுத்துப் பாருங்க” என்றேன். அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை.

அதன் பிறகு சோலைச்சாமி பின்சக்கரத்தில் பிரேக் ஆயிலை வடிக்கும் திருகைத் தளர்த்தி, டீ கிளாஸில் ஆயிலைப் பிடித்தார். அதுவும் கறுப்பு. பேனாவை விட்டார். அதிலும் சிவப்பு.

“ஏலே மாரி, இந்தப் பிள்ள ஊத்துன தண்ணி பஸ்ஸப் புடிச்சா பின்சக்கரத்துக்குப் போச்சு?” என்றார் சோலைச்சாமி. நாங்கள் காரை எடுக்கவில்லை. பஸ்ஸில் அப்பா ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டார். அக்காவை வேறு வண்டியில் பத்திரமாக அழைத்து வந்துவிட்டோம். அந்த டீ கிளாஸை மூடிக்கட்டிக் கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறேன்.

எழுதியதை நானே படித்துப் பார்த்தேன். நான் சொன்னதும் நடந்ததும் இதுவே. பெயருக்குப் பின்னால் படிப்பையும் போடலாமா என்று அதிகாரி கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, “போடுங்கய்யா” என்றார்.

(ஒப்பம்)
ந. சத்யபிரியா, பி.எஸ்சி.