கேஸ் புக்கிங் குரல்

தமிழ்லயே சொல்லலாமா சார்? தேங்ஸ். இன்டர்வியூக்குன்னு இங்கிலீஷ்ல மனப்பாடம் பண்ணிட்டுத்தான் வந்தேன், உள்ள வந்ததும் மறந்துபோச்சு. வீடு மூலக்குளம் சார். எம்.சி.ஏ. முடிச்சதும் இப்ப இருக்கிற கம்பெனியிலதான் சேந்தேன். சி, விபி ரெண்டும் நல்லா வரும். ஜாவா கத்துக்குவேன்.

பண்ணதுலயே பெரிய ப்ராஜெக்ட்டா? கேஸ் புக்கிங் சார். ஏஜென்சிக்குப் போன் போட்டா மிஷினே பேசும்ல, சிலிண்டருக்கு எண் ஒன்றை அழுத்தவும்னு? அது நான் எழுதுனது. ஓ, நீங்களும் அதுலதான் புக் பண்றீங்களா? ஆமா சார், நல்ல குரல்தான். நெறைய பேரு சொல்லுவாங்க.

எங்க வீட்டுக்காரரு சார் அது. கலைவாணன்னு பேரு. எங்க கம்பெனி ஆளு இல்ல, டைல்ஸ் கடையில சேல்ஸ்ல இருந்தாரு. சாரம் ஏரியாவுல கபடி நடந்தா மைக்கு அவருகிட்டதான். ரெக்கார்டிங்குக்கு ஆளு அமையல, சரின்னு ஒரு ஞாயித்துக்கெழம அவர ஆபீசுக்கு இட்டுட்டுப் போனேன். சத்தம் விழக்கூடாதுன்னு ஃபேன நிறுத்திட்டோம். வேர்த்து ஊத்துது. ஒன்னு ரெண்டு மூனு சொல்லுங்கன்னா, கபடி ஸ்கோரு மாதிரியே கத்துறாரு. சிரிச்சு சிரிச்சு எனக்கு வயிறே வலிச்சுப்போச்சு.

இல்ல சார். இப்ப அவரு இல்ல. போன மழைக்கு வில்லியனூர் ரோட்ல பைக்கு சறுக்கிடுச்சு. பரவால்ல சார், நீங்க கேளுங்க.

ஏன் வேலைய விடுறேன்னா... சம்பளத்துக்காகல்லாம் இல்ல. எங்க மேனேஜர் நல்ல மனுஷன். வேற குரல் போட்டுக்கலாம்மான்னு அவரே சொன்னாரு. நாந்தான் வேணாம்னேன். எங்க அத்த, அவரோட அம்மா, சிலிண்டர் தீரலன்னாலும் போன் போட்டுக் காதுல வச்சிக்குவாங்க. எதையும் அழுத்த மாட்டாங்க. கேட்டுட்டு வச்சிருவாங்க. அத எப்படி சார் எடுக்கிறது?

அப்புறம் ஏஜென்சியில, சிலிண்டர் வரத் தாமதமாகும்னு ஒரு அறிவிப்பு சேக்கச் சொன்னாங்க. தாமதம்ன்ற வார்த்தைய அவரு சொன்னதே கெடையாது. பழைய ஃபைலுங்கள்லேர்ந்து துண்டு துண்டா வெட்டி ஒட்டிப் பாத்தேன். வந்துருச்சு சார். சொல்லாதத சொல்லிட்டாரு.

அதுக்கப்புறம் கை சும்மா இருக்கல. யாரும் கேக்காதப்பவும் வெட்ட ஆரம்பிச்சேன். எல்லாரும் டீக்குப் போவாங்க, நான் ஹெட்போன மாட்டிக்குவேன்.

வீட்ல என்னைய அன்புன்னுதான் கூப்புடுவாரு. அன்புள்ள வாடிக்கையாளரேன்னு ரெக்கார்டிங்ல ஒன்னு இருக்கு. அத பாதியில வெட்டுனேன். பின்னாடி என்ன வைக்கிறதுன்னு தெரியல. கைக்குக் கெடச்சத வச்சேன்.

அன்பு. தயவுசெய்து காத்திருக்கவும்.

நான் ஒட்டுனதுதான் சார், எனக்குத் தெரியாதா. ஆனா அவரு சொல்லிட்டாருல்ல. அன்னிலேர்ந்து என்னால ஆபீச விட்டு எழுந்து வரவே முடியல சார். ஹெட்போன கழட்டி வச்ச நேரத்துல வேற எதாச்சும் சொல்லிருவாரோன்னு ஒக்காந்தே கெடக்கேன். இன்னிக்கு இங்க வர்றதுக்கே அத்ததான் கையப் புடிச்சு பஸ்ஸுல ஏத்தி உட்டாங்க.

சார், நான் ஒன்னு கேக்கலாமா? இங்க போன் சம்பந்தமான வேல எதுவும் இல்லல்ல?