சும்மா விட்டா நின்னுடுது

முதல்ல தப்பு பண்ணது என் மாப்பிள்ளைதான் தம்பி. அத மனசுல வச்சுக்கிட்டு மத்ததக் கேளுங்க. கம்ப்யூட்டர் கதை அதுக்கப்புறம்தான் வருது. ஐயோ, மவுஸத் தொடாதீங்க. தொட்டா நிக்காது. அது பாட்டுக்கு இருக்கட்டும், நாம பாட்டுக்குப் பேசுவோம். அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். கட்டில்லயே உக்காருங்க. கால மட்டும் உள்ள நீட்டாதீங்க, கீழ சாமான் கெடக்கு.

ஆமா, அதான் சொன்னேனே. பாட்டு ஓடுறப்ப ஒண்ணும் ஆகாது. பேத்தி போட்டோவ ஒவ்வொண்ணாப் பாத்துட்டே இருந்தா ஒண்ணும் ஆகாது. வேலை குடுத்தா மாடு மாதிரி இழுக்குது. சும்மா விட்டாத்தான். குளிச்சிட்டு வந்து பாத்தா செத்துக் கெடக்கும். பொட்டி கொதிக்கும். பட்டன அமுக்கினா கொஞ்ச நேரம் முறுக்கிக்கிட்டு நிக்கும், அப்புறம் என்னவோ நமக்கு தயவு பண்ற மாதிரி வரும். சூடா? எப்படி சூடாகுதுன்னு என்னக் கேட்டா? உள்ள ஃபேன் சுத்துதுன்னு இப்பதான நீங்களே பாத்தீங்க.

அணைச்சு வைக்க முடியாது தம்பி. பொண்ணு வீடியோவுல கூப்பிடறப்ப மணி அடிக்கணுமே. ஃபோன்ல பேசினா பேத்தி மூஞ்சி தீப்பெட்டி சைஸுல தெரியுது, அவ நாக்க நீட்டுறாளா சிரிக்கிறாளான்னே புரியாது. அதுக்குத்தான் இத இங்க கொண்டாந்து வச்சதே.

பவர் சப்ளைய மாத்திட்டீங்க. மெமரியையும் கழட்டித் தொடச்சுப் போட்டாச்சு. இன்னும் நிக்கலையா? நிக்கும், பொறுங்க.

மாப்பிள்ளை கதைக்கு வரேன். நான் சீட்டு தைக்கிறவன். பஸ்ஸு, காரு, பல் டாக்டர் நாற்காலி, எதுக்கு வேணா ரெக்சின் தைப்பேன். படிப்பு கெடையாது. என் பேர எழுதுவேன், அளவு எழுதுவேன், அத்தோட சரி. ஆனா என் கவர மாட்டினப்புறம் ஒரு சுருக்கம் காட்டுங்க பாப்போம். மாப்பிள்ளை புதுக் கார் எடுத்தாரு. நான் ஆசையா, மாப்ள, சீட்டு கவர் நான் சும்மாவே தச்சுத் தரேன்னேன். அதுக்கு அவரு என்ன சொன்னாரு தெரியுமா? அட, நீங்க சும்மா இருங்க மாமா. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. அடுத்த வாரமே கடையில தொங்குற ரெடிமேட் கவர வாங்கி மாட்டிக்கிட்டு என் வீட்டு வாசல்லயே வந்து நிக்கிறாரு. ஒரு டாக்டரோட மருமகன் அந்த மாமனார் வாசல்லயே நின்னு மருந்துக்கடைக்காரன்கிட்ட ஊசி போட்டுக்குவானா?

என்னது, நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பாரா? எனக்குக் கண்ணு மங்கிடுச்சு, சிரமம் வேணாம்னா? என் பொண்ணும் இதே பாட்டத்தான் பாடினா. நீங்க யாரு ஆளு தம்பி? சரி சரி, கூலி அவரு குடுக்கறாரு, நீங்க வேற என்ன சொல்வீங்க. அந்தக் கவரு, உக்காந்து எந்திரிச்சா பழைய பாய் மாதிரி சுருண்டுக்குது. நான் அந்தக் காருல ஏறினதே இல்ல. முதுகு வலி, காரு ஒத்துக்காதுன்னு சொல்லிட்டு பஸ்ல போறேன். பஸ்ல நின்னுக்கிட்டு.

அந்த மனுஷன்தான் இதையும் கொண்டாந்து வச்சாரு. அவரு ஆபீஸ்ல ஓட்டின பழைய மெஷின். வச்ச வாரமே இப்படி நிக்க ஆரம்பிச்சுது. எனக்கு உள்ளுக்குள்ள எப்படி இருந்துச்சுன்னா… சந்தோஷம்தான் தம்பி, மறைப்பானேன். பாருடா, என் தையல் வேணாம்னவன் எனக்கு என்ன குடுத்திருக்கான்னு.

பேத்தி பொறந்தநாளு. கேக்கெல்லாம் வெட்டியாச்சு. சம்பந்தி ஒரு பேச்சுக்குக் கேட்டாரு, என்ன சம்பந்தி, கம்ப்யூட்டர்லாம் ஓட்டறீங்களாமேன்னு. நான் உடனே, எங்க சம்பந்தி, உங்க புள்ள வீட்டுக் குப்பைய அள்ளி என் வீட்ல கொட்டிட்டாரு, நான் அதுக்குக் காவல் உக்காந்திருக்கேன்னேன். எல்லார் காதுலயும் விழற மாதிரி. மாப்பிள்ளை திருப்பித் திட்டணுமே? தட்டுல கேக்கு வச்சு என் கையில குடுத்தாரு. மாமா, உங்களுக்கு சக்கரை, பாதிதான் வச்சிருக்கேன்னாரு. அத எப்படி முழுங்கறது? சொல்லுங்க.

மறுநாளே வந்து மெஷினத் தூக்கிட்டுப் போனாரு. அவரு வீட்ல வச்சுப் பாத்திருக்காரு. நிக்கவே இல்லையாம். திரும்பக் கொண்டாந்து வச்சு, வயரெல்லாம் மாட்டிட்டுப் போனாரு. இங்க வந்ததும் பழையபடி செத்துது. அப்புறம் ஒரு நாள் பொண்ணு தனியா வந்தா. வந்து பாத்தா. பாத்துட்டுத்தான் சொன்னா, அப்பா, நான் ஒரு ஆள அனுப்பறேன். மெஷின்ல கோளாறுன்னா அவரு புதுசு வாங்கித் தருவாரு. கோளாறு இல்லேன்னா, அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி சொன்னீங்கள்ல, அதே மாதிரி அத்தனை பேர் முன்னாடி அவர்கிட்ட மன்னிப்பு கேக்கணும். ரெண்டுல ஒண்ணு முடியற வரைக்கும் நானும் வரமாட்டேன், புள்ளையையும் காட்டமாட்டேன்னுட்டா. பேச்ச மாத்தறவ இல்ல அவ. என் ரத்தம்தானே.

அதனால ஏதாவது ஒண்ணு சொல்லுங்களேன் தம்பி. போர்டு போயிடுச்சுன்னு சொன்னா யாருக்குத் தெரியப் போவுது? … பொய் சொல்ல மாட்டீங்க. சரி. நல்ல பழக்கம்தான். விட்ருங்க, கேட்டதே தப்பு.

என்ன? உள்ள தூசியே இல்லையா? இவ்வளவு பழைய மெஷின்ல தூசி இல்லாம நீங்க பாத்ததே இல்லையா?

எங்கேருந்து வரும்.

கட்டிலுக்குக் கீழ கைய விடுங்க. இன்னும் உள்ள. வழவழன்னு தட்டுதா? இழுங்க. அதான். பொட்டிக்கு அளவெடுத்து நானே தச்ச கவரு. எறும்பு நுழையாது. பாட்டு கேக்கறப்பக் கழட்டுவேன், முடிஞ்சதும் தூசி படக்கூடாதுன்னு மாட்டி, பின்னாடி ஜிப்ப இழுத்துடுவேன். மெஷின் உள்ள ஓடிட்டுதான் இருக்கும். எறும்பு நுழையாத எடத்துல காத்து எப்படி நுழையும்னு கேக்கறீங்க. அதத்தான் பொண்ணும் அன்னிக்குக் கேட்டா. நீயும் அவன் பக்கம் சாஞ்சிட்டியான்னு கத்தினேன். அதுக்கப்புறம்தான் அவ அப்படிச் சொல்லிட்டுப் போனது.

அவ போனதும் கழட்டிப் பாத்தேன். அன்னிக்குப் பூரா ஓடுச்சு. மறுநாளும் ஓடுச்சு. திரும்ப எடுத்து மாட்டினேன். நின்னுடுச்சு. நின்னப்புறம்தான் சோறே எறங்குச்சு எனக்கு. இத நான் யார்கிட்ட போய்ச் சொல்வேன்? பேத்தி மூஞ்சியப் பாக்கறதுக்கு வச்ச மெஷின, என் வாய் ஜெயிக்கணும்னு நானே மூக்கப் பொத்திக் கொன்னுக்கிட்டு இருக்கேன். காலையில நீங்க வரீங்கன்னதும் கவரக் கழட்டி ஒளிச்சேன். ஒளிச்சா மெஷின் நிக்காதே, அதுகூடத் தோணல பாருங்க. ஒருவேளை இன்னிக்கு நெசமாவே கெட்டிருக்குமோன்னு ஒரு நப்பாசை. அதான் உங்கள இவ்வளவு நேரம் உக்கார வச்சுட்டேன். வேலை இருக்கற ஆளு. மனசுல வச்சுக்காதீங்க.

பொண்ணுக்கு ஃபோன் போடறீங்களா? போடுங்க. மெஷின் நல்ல மெஷின்னு சொல்லிடுங்க. நான் வந்து கேக்கறேன், அத்தனை பேர் முன்னாடியும் கேக்கறேன். பஸ்ல வந்து கேக்கறேன். ஆனா சும்மா இருங்கன்னு சொன்னாரே, அதுக்கு அவரு எனக்கு ஒரு வார்த்தை பாக்கி. அதுல மாத்தமே இல்ல.

என்ன திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க? மேல ரெண்டு ஓட்டைய அடைச்சிருக்கா? ஆமா, அது தலை சாய்க்கிற மெத்தையோட கம்பி எறங்கற எடம். பொட்டிக்குன்னு வாங்கின ரெக்சின் இல்ல தம்பி, அவரு காரு டிரைவர் சீட்டு முதுகுக்குத் தச்சது, அத வெட்டித்தான் பொட்டி அளவுக்கு ஆக்கினேன். கார் எடுத்த அன்னிக்கே, அவரு உள்ள சாப்பிட்டுட்டு இருந்தப்ப அளவெடுத்துட்டேன். எல்லா சீட்டும் தச்சு முடிச்சிட்டுத்தான் தச்சுத் தரேன்னே சொன்னேன். மீதியெல்லாம் பரண் மேல கெடக்கு. ரிங் போவுதா? இத மட்டும் சொல்லிடாதீங்க. அவரா வந்து கேக்கட்டும்.