கல்யாண முருங்கையில் ஒரு விமானம்

கல்யாண முருங்கைக் கட்டையைப் போல எடை குறைந்த கட்டை நம் பக்கத்தில் வேறு கிடையாது. செதுக்க வாகானது. ஆனால் நன்றாகக் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆறே மாதத்தில் இறக்கை முறுக்கிக்கொள்ளும். நான் செய்த விமானம் முறுக்கவில்லை. ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று வைத்து, நாற்பது அங்குல இறக்கையோடு செய்தேன். நேற்று நீங்கள் நாகல் நகரில் என் பூட்டுப் பட்டறைக்கு வந்தபோது அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "நல்ல வேலைப்பாடு" என்றீர்கள். நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா.

எரியோட்டு மலைச்சாமி தன் தோட்டத்துக் கிணற்றில் பிணமாகக் கிடந்தது பற்றித் தெரிந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். கடைசியாக அவன் போய் வந்தது என் வீட்டுக்குத்தான் என்று அவன் தங்கை அய்யம்மாள் சொல்லியிருக்கிறாள். சொன்னது சரி. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னோடுதான் சாப்பிட்டான். நான் அவனைத் தள்ளிவிடவில்லை. அந்தக் கிணற்றுப் பக்கமே போனதில்லை. இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதை நிதானமாகப் படிப்பீர்கள்.

நானும் அவனும் ஒரே நாளில் விமானப் படைக்குப் பெயர் கொடுத்தவர்கள். நாற்பத்து நாலாம் வருடம் இம்பாலில் இருந்தோம். ஹரிக்கேன் விமானங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு குண்டுகளைச் சுமந்து, தாழப் பறந்து, தரையில் இருக்கும் ஜப்பான்காரர்களைத் தாக்கிவிட்டுத் திரும்பும் விமானம் அது. எங்களுக்கு ஆளுக்கு ஒன்று பொறுப்பு. நிறுத்தி வைத்திருக்கும்போது, விமானத்தை ஏற்றி இறக்கும் வால் பலகை காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க, அதில் ஒரு மரக்கட்டையைக் கவ்வக் கொடுப்போம். கண்ணில் படுவதற்காக அதில் சிவப்புத் துணி தொங்கும். பறக்கும் முன் அதைக் கழற்ற வேண்டும். கழற்றியதற்கு நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒரு நாள் காலை மலைச்சாமியின் விமானத்தில் கட்டை கழற்றப்படவில்லை. அவசரமாகக் கிளம்பிய விமானியும் பலகையை அசைத்துப் பார்க்கவில்லை. மரங்களில் மோதி எரிந்தது. வால் மட்டும் எரியாமல் கிடந்தது, கட்டையோடு. விமானி பூனாக்காரர், வயது இருபத்திரண்டு. நோட்டில் மலைச்சாமியின் கையெழுத்து இருந்ததால் அவனுக்கு இரண்டு வருடம் ராணுவச் சிறை.

ஊருக்குத் திரும்பியவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "ஒரு தாயி பிள்ளையக் கொன்ன கையி. இதுல எந்தப் பிள்ளையத் தூக்குறது?" என்பான். வருடா வருடம் அந்தத் தேதியில் பட்டினி கிடந்து என்னிடம் வருவான். அவன் சொல்லச் சொல்ல நான் பூனாவில் இருக்கும் அந்த விமானியின் அம்மாவுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதுவேன். உங்கள் மகன் சாவுக்கு நான்தான் காரணம், மன்னித்துவிடுங்கள் என்பதுதான் ஒவ்வொரு வருடமும் விஷயம். அவனுக்கு இங்கிலீஷ் தெரியாததால் பதிலுக்கு என் விலாசம் போட்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான். செருப்பைக் கழற்றும்போதே, "கடுதாசி வந்துச்சா?" என்பான்.

போன வருடம் சீனச் சண்டை முடிந்ததும், இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பொருட்காட்சி வைக்கத் தீர்மானித்தார்கள். பழைய விமானப் படைக்காரன் என்று என்னிடம் மாதிரி விமானம் கேட்டார்கள். மலைச்சாமி உற்சாகமாகிவிட்டான். இறக்கைகளை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தது பூராவும் அவன்தான். குண்டெல்லாம் மாட்டி முடித்தபின் சொன்னான்: "அந்தக் கட்டையையும் போட்ருப்பா. அது இல்லாம இது அந்த வண்டியில்ல."

அவன் கடைசியாக வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, நகம் அளவுக்கு ஒரு கட்டை செதுக்கி, சிவப்புத் துணி வைத்துக் கொடுத்தேன். அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தான்.

"ஏலே இருதயம், துணிய ஆணி வச்சு அறைஞ்சிருக்க?"

"ஆமா. அதுக்கென்ன?"

"நாங்கல்லாம் சணல்ல தான கட்டுவோம். விசாரணையில மேசை மேல வச்சிருந்தாகளே, அந்தக் கட்டையிலயும் பித்தளை ஆணிதான் அறைஞ்சிருந்துச்சு. இப்பத்தான்ப்பா நெனப்பு வருது."

நான் பூட்டுக்காரன். எதையும் கயிற்றால் கட்ட எனக்குக் கை வராது. துளை போட்டு, பித்தளை ஆணி செருகி, இரண்டு பக்கமும் தட்டி அறைந்தால்தான் மனசு ஆறும். எங்கள் படைப்பிரிவில் அப்படிச் செய்தவன் நான் ஒருவன்தான். இந்தச் சின்னக் கட்டையைச் செய்யும்போதும் யோசிக்கவில்லை; கை பழக்கத்தில் செய்துவிட்டது.

"அப்ப அது நான் இல்லையா?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை ஐயா, சந்தோஷமாகக் கேட்டான். பத்தொன்பது வருடத்தில் அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

அவன் இல்லைதான். அவனுக்கு அப்போது மலேரியாக் காய்ச்சல். காலைக்கான கையெழுத்தை முந்தின சாயங்காலமே போட்டுவிட்டுக் கூடாரத்தில் படுத்துவிட்டான். ஒரே ஊர்ப்பக்கத்துக்காரர்கள் ஒருவர் வேலையை ஒருவர் பார்ப்பது எங்களுக்குள் வழக்கம். அந்தக் கட்டையை மாட்டியதும் நான்தான், காலையில் கழற்ற மறந்ததும் நான்தான். காய்ச்சல் விட்டுக் கண் விழித்தவனிடம், "நீதான்ல எந்திரிச்சு வந்து வண்டியப் பாத்த" என்றேன். நம்பிவிட்டான். கையெழுத்து அவனுடையது என்பதால் தண்டனை எப்படியும் அவனுக்குத்தான். இன்னொருவனும் ஜெயிலுக்குப் போவதில் யாருக்கு என்ன லாபம் என்று அப்போது தோன்றியது.

இந்த ஞாயிற்றுக்கிழமையாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. பொருட்காட்சிக்கு நாலே நாள்தான் இருந்தது.

"அந்தக் கட்டையெல்லாம் நான்தான்ல அடிச்சுக் குடுத்தேன், உன்னதையும் சேத்து. காய்ச்சல்ல எல்லாம் மறந்துட்ட" என்றேன்.

கட்டையை என்னிடமே கொடுத்தான். "மன்னிச்சுக்கப்பா. செத்த நேரத்துல உன்னப் போயி தப்பா நெனச்சுட்டேன்" என்றான். பிறகு இருவரும் சாப்பிட்டோம். வெஞ்சனத்தைத் தொடவில்லை, வெறும் ரசத்தை ஊற்றிக்கொண்டான். கிளம்பும்போது வழக்கம்போல, "கடுதாசி வந்துச்சா?" என்றான். வரவில்லை என்றேன். மறுநாள் கிணற்றில் கிடந்தான்.

எனக்கு நெஞ்சில் ஈரம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால், "அப்ப அது நான் இல்லையா?" என்று கேட்ட அந்த முகம்தான் வருகிறது. நான் பாவி. அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த அம்மாவின் பதில் ஐம்பத்தொன்றிலேயே வந்துவிட்டது. நாலு வரிதான். 'உன்னை மன்னித்துவிட்டேன். நீயும் எனக்கு மகன்தான். இனி எழுதி உன்னை வருத்திக்கொள்ளாதே. கல்யாணம் செய்துகொண்டு நிம்மதியாக இரு.' அவர் சொன்னபடியே நான் அந்த வருடமே கல்யாணம் செய்துகொண்டேன். இரண்டு பெண் குழந்தைகள். அதற்குப் பிறகு மலைச்சாமி சொல்லி எழுதிய பன்னிரண்டு கடிதங்களையும் தபாலில் சேர்க்கவில்லை; வயதான அம்மாவை மறுபடி மறுபடி அழவைப்பது முறையில்லை. அவை பட்டறை இரும்புப் பெட்டியில் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள்.

பூனாவிலிருந்து வந்ததை மட்டும் கேட்காதீர்கள். மகனைக் கொன்றவனுக்கு அந்த அம்மா எழுதியது அது, அதனால் எனக்கு வந்தது. அடுத்தவனுக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் பழக்கம் எனக்கு ஒருநாளும் கிடையாது, ஐயா.